மிச்சம் நாளை

நாகலூர் சாலையில் ஓர் எஸ்டேட் பங்களாவைக்
காலி செய்தார்கள்.
காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரம், குடை மாட்டும் ஸ்டாண்டு,
ஈரத்தில் கதவு உப்பிய பீரோ,
அதன்மேல் குப்புறக் கிடந்தது இது.
அறுநூறு என்றார் ரைட்டர் ஞானதாஸ்.
கண்ணாடியும் சேர்த்துத்தான் என்றார்
நான் கண்ணாடிக்காகக் கேட்டதுபோல.

நீர்வண்ணம். மலைமேலிருந்து பார்த்த சேலம்.
ஓரத்தில் ஒரு சில்வர் ஓக் கிளை,
ரயில் பாதைக்கு ஒரே இழுப்பு,
நடுவில் தூரிகை படாமல் விட்ட வெறும் தாள்.
அதுதான் வெள்ளைக்கல் கரடு.
தாளையே மலையாக்கிய கை என்று
வியந்துதான் வாங்கினேன்.
தாள் பழுத்திருந்தது.
கரடு டீ நிறத்தில் நின்றது.

இருபது கொண்டை ஊசி வளைவும்
மடியில் வைத்து இறங்கினேன்.
நிஜக் கரடு ஜன்னலில் வருவதும் மறைவதுமாக இருந்தது,
படத்தில் உள்ளதில் பாதிதான் இப்போது.
மீதி எங்கே போனதென்று எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வருடமாக அந்தச் சுரங்கத்தின் ஆய்வுக்கூடத்தில்
கல்லில் எவ்வளவு மக்னீசியம் என்று
எழுதிக் கொடுக்கிறவள் நான்.

கோட்டையில் கவுஸ் பாய் கடை.
பின்பக்க ஆணிகளைக் குறடால் உருவினார்.
நெய் ரோஸ்ட் நிறத்தில் செலோடேப்,
காய்ந்த இராமபாணப் பூச்சி ஒன்று,
புளித்த வாடை.
"இந்த அட்டைதாங்க தின்னுருக்கு."
மரக்கூழ் அட்டை. அமிலம்.
அரை நூற்றாண்டு தாளின் முதுகில்
மூச்சுவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

மவுண்டைத் தூக்கினார்.
அது மூடியிருந்த இடத்தில் விரலகலத்துக்கு
தாள் வாங்கிய அன்றைய வெள்ளை.
அந்த வெள்ளையில் பென்சில்:
*மழை வந்துவிட்டது. கரடு மிச்சம். நாளை.*
ம.தெ., 14-6-61.

ஆக, விட்டுவைத்ததில்லை. விட்டுப்போனது.
நான் வியந்தது ஒரு மழையை.

அமிலம் ஏறிய தாளுக்கு மக்னீசியக் கரைசல்தான் மருந்து.
என் மேசையில் பாட்டில் பாட்டிலாக நிற்கிறது.
கரட்டைக் கொண்டே கரட்டை வெளுக்கலாம்!
மூன்று ராத்திரி இதே நினைப்பு.
நாலாம் நாள் ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றினேன்.
பஞ்சோடு வந்தது
கொஞ்சம் வானம்.
பாட்டிலை மூடினேன்.

அமிலமில்லாத போர்டு கோயம்புத்தூரிலிருந்து வர
பதினோரு நாள்.
பசை காய்ச்சும்போது நின்று பார்த்தேன்,
துத்தம் போடாதீங்க பாய்.
மேலே இரண்டு இடத்தில் மட்டும் ஒட்டு,
மீதி சும்மா தொங்கட்டும்,
ஐப்பசியில் விரியும், பங்குனியில் சுருங்கும்.
கண்ணாடி தாளைத் தொடக் கூடாது,
நடுவில் ஒரு துவரம்பருப்புக் கனம் காற்று வேண்டும்.
நாலாயிரத்து எண்ணூறு என்றார்.
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"எழுத்தை மறைக்கவா? முன்ன மறைச்சுதான் இருந்துச்சு.
காட்டினா அரை வேலைப் படம்னு தெரிஞ்சுருமே."
தெரியட்டும் என்றேன்.
சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்தேன்.
ம.தெ.யைக் கேட்க வழியில்லை.

மூடுவதற்கு முன் போர்டின் பின்னால் எழுதினேன்.
பேனா நீட்டினார், பென்சில் வாங்கிக்கொண்டேன்:
பிரித்த தேதி. மாவுப் பசை. துத்தம் இல்லை.
தண்ணீர் காட்ட வேண்டாம், வானம் கரையும்.
மேற்கு வெயில் படும் சுவர் வேண்டாம்.
பழுப்பு பிறகு வந்தது. கரடு வெள்ளை.

"யாருக்கு இதெல்லாம்?"
அடுத்து அறுநூறு ரூபாய் கொடுப்பவருக்கு.

செய்தித்தாளில் சுற்றப் போனார்.
அதுவும் அமிலம்தான் பாய்.
ஒரு நிமிடம் என்னையே பார்த்தார்.
உள்ளே போய்ச் சலவை லுங்கி ஒன்றை உதறி
நாலு மூலையும் மடித்துக் கட்டி
கையில் தந்தார்.

"லுங்கி மட்டும் நாளைக்கு வந்துரணும்."