பார்வையாளர் படிவம்

கருங்கல்லில் பஸ் மாறி இனயத்தில் இறங்கினேன்.
பையில் ஒன்பது பக்கப் படிவம்,
ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரை வட்டங்கள்.
வகுப்பில் தொழில்நுட்பம் எப்படிப் புழங்குகிறது என்று
நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பது என் வேலை.
பேசக் கூடாது என்பது முதல் விதி.

வருகைப்பதிவு மாடிப்படி ஜன்னலில் நடந்தது.
பள்ளிக்கூடத்தில் அங்கே மட்டும்தான் சிக்னல்.
லில்லிபுஷ்பம் டீச்சர் கம்பிக்கு வெளியே கையை நீட்டி
செல்போனைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு நின்றார்.
திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது.
முப்பத்தொரு பேரும் வந்து உட்கார்ந்தாயிற்று.
வந்ததாக இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

லேபில் பத்துக் கணினி. நான்குக்கு உயிர் உண்டு.
"உப்புக்காத்துல்லா சார்,
பென்டிரைவ் சொருகுற வாயெல்லாம் துரு"
என்று கேட்காமலே சொன்னார் டீச்சர்.
எல்லாவற்றின் மேலும் நீலச் சாட்டின் போர்த்தியிருந்தது,
ஏதோ திருநாளுக்குத் தைத்து மிஞ்சிய துணி, ஓரத்தில் சரிகை.
'பராமரிப்பு' என்ற கேள்விக்கு இரண்டில் வட்டம் போட்டேன்.
சரிகையைப் பார்த்து
மூன்றாக்கினேன்.

பதினொன்றேகாலுக்கு எட்டாம் வகுப்பு, புவியியல்.
ஸ்மார்ட் போர்டில் பூமி சுழன்றது,
அட்சக்கோடு மஞ்சள், தீர்க்கக்கோடு சிவப்பு.
எந்த ஊரிலும் யாரும் பேசாத தமிழில்
ஒரு குரல் விளக்கிக்கொண்டிருந்தது.
மூன்றாவது நிமிடம் கரண்ட் போனது.
யாரும் 'ஓ' போடவில்லை. பழக்கம்.
டீச்சர் பக்கத்துக் கரும்பலகையில்
கோணலாய் ஒரு வட்டம் வரைந்து கேட்டார்:
"யாருக்காவது ஒரு இடத்துக்க அட்சம் தீர்க்கம் தெரியுமா?"

ஜெனிஷா எழுந்தாள்.
"எங்க அப்பாக்க ஜி.பி.எஸ்.ல பாத்திருக்கேன் டீச்சர்.
ஏழு டிகிரி, நாப்பத்தொண்ணு, புள்ளி..."
நிறுத்தினாள்.
"புள்ளி?"
"அதுக்கப்புறம் சொல்லமாட்டேன்."

பின்வரிசையில் ஒருவன் காதைச் சொறிகிற சாக்கில்
பேனாவை உள்ளங்கைக்குக் கொண்டுவந்திருந்தான்.
வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.
"பிராங்கோக்க அப்பாவும் அந்தப் பக்கந்தான் போவாரு சார்"
என்று முன்வரிசை எனக்கு ரகசியமாகச் சத்தம்போட்டது.
"அங்க பாரு உண்டு. கடலுக்கு அடியில.
நெறய வலை கிழிஞ்சுதான் இவ அப்பா கண்டுபிடிச்சாரு."
"புள்ளி இல்லாட்டி ஒரு மைல் தப்பும்லா மக்களே?"
"தப்பட்டும் டீச்சர்" என்று உட்கார்ந்தாள்.
கரும்பலகையில் ஏழு, நாற்பத்தொன்று, ஒரு புள்ளி.
புள்ளிக்கு அந்தப்புறம் கருப்பு.

ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது:
'தகவல் பாதுகாப்பை மாணவர்கள் அறிந்துள்ளனரா?'
போன பள்ளிகளில் எல்லாம்
சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து மூன்று போட்டிருக்கிறேன்.
இன்றைக்கு ஐந்து.
கீழே சான்று எழுத ஒரு வரி விட்டிருந்தார்கள்.
ஏழு என்று தொடங்கி, அடித்துவிட்டு,
'கேட்டார்கள். சொல்லவில்லை' என்று எழுதினேன்.

சாப்பாட்டு நேரத்தில் கரண்ட் வந்தது.
ஆளில்லாத வகுப்பில் பூமி விட்ட இடத்திலிருந்து சுழன்றது.
அந்தக் குரல் பெஞ்சுகளுக்கு
நிலநடுக்கோட்டைச் சொல்லிக்கொடுத்தது.
முட்டையை உரித்தபடி வந்த ஒரு பையன் எட்டிப்பார்த்தான்,
போய்விட்டான்.

நாலரைக்கு, தூண்டில் வளைவுப் பக்கம் நின்று,
ஒன்பது பக்கத்தையும் படமெடுத்து ஏற்றப் பார்த்தேன்.
செயலி என் இருப்பிடம் கேட்டது:
துல்லியமாகவா, தோராயமாகவா?
தோராயம் தொட்டேன்.
ஏற்காதாம். பள்ளிக்குள் நின்றதற்குத் துல்லியம் வேண்டுமாம்.
பஸ் ஹாரன் அடித்தது. மீன்கூடைகளுக்குப் பின்னால் ஏறினேன்.

கருங்கல் சந்தையில் இறங்கி
டீ சொல்லிவிட்டு நிற்கும்போது மறுபடி கேட்டது.
துல்லியமாகக் கொடுத்தேன்.
நாலைந்து மைல் தப்பும்.
தப்பட்டும்.