ஏழே முக்கால்

பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார் நர்ஸ் ஷம்ஷாத் பேகம்.
சைபர் என்றால் வலியே இல்லை.
பத்து என்றால் இதற்குமேல் தாங்காது.

முப்பத்தோரு வருஷம்
மூணாறு தலைப்பில் கேஜ் பார்த்தவன் நான்.
இருட்டு விலகுமுன் டார்ச் அடித்து,
கல்லில் எழுதிய எண்ணைத்
தண்ணீர் எங்கே கடிக்கிறதென்று
போனில் சொல்லியிருக்கிறேன், கால் அடி தப்பாமல்.
அந்தப் பழக்கத்தில் சொன்னேன்:
ஏழே முக்கால்.
அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.
எங்கே என்றார்.
இடது கால் கட்டைவிரல்.

இடது கால்
முழங்காலுக்குக் கீழே கிடையாது.

சர்க்கரை. ஆடியில் ஒரு முள், ஆவணியில் கறுப்பு,
புரட்டாசியில் திருவாரூரில் எடுத்துவிட்டார்கள்.
எடுத்ததை எங்கே வைத்தார்களென்று நான் கேட்கவில்லை,
கையெழுத்துப் போட்ட மகனும் சொல்லவில்லை.
பதினோராம் நாள் ராத்திரி
இல்லாத விரலை யாரோ திருகினார்கள்.
கடுப்பு, குடைச்சல், விண்விண்.
நடவு முடிந்து திரும்புகிறவர்கள்
இடுப்புக்குச் சொல்லும் எந்த வார்த்தையும்
இதில் ஒட்டவில்லை.
துருப்பிடித்த ஷட்டரை
ஆளில்லாத நேரத்தில் ஒருத்தன் சுற்றுகிறான்,
பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக ஏறுகிறது,
அந்த மாதிரி.
கை தானாகப் போய்த் தடவும்.
அங்கே போர்வை தட்டையாகக் கிடக்கும்.

மனப்பிரமை என்றார் சம்பந்தி.
ஷம்ஷாத் அப்படிச் சொல்லவில்லை.
காலுக்கு ஒரு வரைபடம் மூளையில் இருக்கிறதாம்,
காலை வெட்டினார்கள், படத்தை வெட்டவில்லையாம்.

எனக்கு அது வேறு வழியாகப் புரிந்தது.
கடைத்தெருவுக்குப் பின்னால்
ஒரு கிளை வாய்க்காலைத் தூர்த்து
கல்யாண மண்டபம் கட்டினார்கள்.
இப்போது எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.
ஐப்பசியில் மூன்று நாள் சேர்ந்து பெய்தால்
தண்ணீர் நேராக வந்து பந்தியில் உட்காரும்,
சமையல்கட்டைச் சுற்றி,
பழைய வளைவு தப்பாமல்.

மாத்திரை இரண்டு வேளை.
"வலி வந்தபிறகு போடாதீங்க, வலிக்கு முந்திப் போடுங்க."
இதை எனக்கா சொல்ல வேண்டும்?
வெள்ளம் வந்து நின்றபின் ஷட்டர் தூக்கினால்
மெமோ கொடுப்பார்கள்.

பிறகு கண்ணாடி.
பீரோக் கதவிலிருந்து கழற்றி
இரண்டு தொடைக்கும் நடுவே நிறுத்தினோம்.
உள்ளே
இடது கால் இருந்தது, முழுசாக, நகத்தோடு.
வலது விரல்களை மெல்ல விரித்தேன்.
அங்கேயும் விரிந்தன.
திருகிக்கொண்டிருந்தவன்
கொஞ்சம் கையை எடுத்தான்.

காலை பதினைந்து நிமிஷம், சாயங்காலம் பதினைந்து.
தைலம்மை கண்ணாடியைப் பிடித்திருப்பாள்.
"ஒண்ணரைக் காலுக்கு இவ்வளவு உபசாரமா" என்பாள்.
அவள் முதுகை யாரும்
பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதில்லை,
நான் உட்பட.

மாசி முழுக்க ஏழு. சித்திரையில் ஐந்தரை.
ஒரு ராத்திரி, காரணமே இல்லாமல், ஒன்பது. அழுதேன்.
அப்புறம் நாலு.
நாலில் தூங்கலாம், பேப்பர் படிக்கலாம்,
பென்ஷன் ஆபீசில் சண்டை போடலாம்.
சைபர் வருமா என்று கேட்டேன்.
"தெரியலைய்யா" என்றார் ஷம்ஷாத்.
அந்தப் பதிலுக்காகத்தான் அவரை நம்புகிறேன்.

ஆனி பிறந்து நாலு நாளில் தண்ணீர் வந்தது.
மகன் பைக்கில் வைத்துத் தலைப்புக்குக் கூட்டிப் போனான்.
புதுப் பையன் அரை அடி அதிகமாகத் தூக்கினான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
நுரையும் செத்தையும் முன்னால் ஓட
செம்மண் நிறத்தில் இறங்கியது.
படியில் உட்கார்ந்து வலது காலை விட்டேன்.

இடது கால் ஜில்லென்றது.
விரலிடுக்கில் வைக்கோல் ஒன்று
மாட்டி, விலகிப் போனது.

மறுவாரம் அதே கேள்வி.
நாலு என்றேன்.
மற்றதையும் சொன்னேன்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டு,
"தண்ணி எவ்வளவு நின்னுது?" என்றார்.