பதினொரு கண்கள்

நோட்டரி அறையில் எல்லாவற்றையும் பிரித்துவிட்டோம்.
வீடு எனக்கு. கார் இங்கூனாவுக்கு.
வங்கிக் கடன் ஆளுக்குப் பாதி.
காளான் கூடை இரண்டில் நல்லது அவளுக்கு,
கைப்பிடி உடைந்தது எனக்கு.
பியோனியை யாரும் எழுதவில்லை.

செப்டம்பர் மூன்றாம் வாரம் வந்தாள்,
ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பஸ்ஸில்.
காரைப் பையன் எடுத்துப் போயிருந்தானாம்.
குல்பெனேயிலிருந்து நாற்பது நிமிஷம்
நாலு பல் இரும்புக் கவையை மடியில் வைத்து
எப்படித்தான் உட்கார்ந்து வந்தாளோ.
"பாதி" என்றாள்.
வணக்கம் சொல்ல இருவருமே மறந்துபோனோம்.

இலைகள் செம்பு நிறத்துக்கு வந்திருந்தன.
ஒரு சாண் விட்டுத் தண்டுகளை வெட்டினேன்.
ஒரு முழம் தள்ளி, வட்டமாய்க் குத்தி நெம்பினாள்.
மேலே இடுப்பளவுச் செடி.
கீழே கன்றுக்குட்டி படுத்திருப்பதுபோல வேர்.
பதினாறு வருஷத்து வேர், அசைந்து கொடுக்கவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் ஓல்கெர்ட்ஸ்,
உதவிக்கு வரலாமா கூடாதா என்று தெரியாமல்
தன் ஆஸ்டர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றான்.
அப்போது மழை பெய்துகொண்டிருந்தது.

குழாயடியில் கழுவினோம்.
மண் போகப் போகக் கண்கள் தெரிந்தன.
சிவப்பாய், கூராய்,
அடுத்த வருஷத்து முளைகள்.
நாங்கள் வக்கீல் தேடி அலைந்த ஆகஸ்டிலேயே
இவை விழித்துவிட்டிருக்கின்றன.
அவள் எண்ணினாள். பதினொன்று.
நானும் எண்ணினேன். பதினொன்றுதான்.

ரொட்டிக் கத்தி வளைந்துபோனது.
ரம்பம் எடுத்து வந்தேன்.
அறுத்த இடம் வெள்ளை வெளேரென்று
பச்சைக் கிழங்காய் மணத்தது.
அழுகாமலிருக்க அடுப்புச் சாம்பல் தடவினாள்.
ஆறு அவளுக்கு, ஐந்து எனக்கு.
நான் ஆட்சேபிக்கவில்லை.
ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு
கேட்டருகே திரும்பிச் சொன்னாள்:
"கண்ணுக்கு மேலே இரண்டு விரல் மண்.
அதற்கு மேல் வேண்டாம்."

நான் நாலு விரல் போட்டேன்.
ஜனவரியில் மைனஸ் இருபத்தெட்டு காட்டும் ஊர்.
மூடி வைப்பது ஒரு தப்பா?
அதன்மேல் ஸ்ப்ரூஸ் கிளைகளையும் பரப்பினேன்,
இரண்டு அடுக்கு.

முதல் ஜூன், மூன்று இலை.
இரண்டாம் ஜூன், இலை, இலை, நல்ல கொழுத்த பச்சை இலை.
ஜெரேனியம் பூத்தது. சைபீரிய ஐரிஸ் பூத்தது.
யாரும் நடாத லூபின்கூட
சாக்கடையோரம் வரிசையாய்ப் பூத்து நின்றது.
மூன்றாம் ஜூனில் மண்டியிட்டு விரல் விட்டுப் பார்த்தேன்.
ஆள்காட்டி விரல் முழுசாய் உள்ளே போன பிறகுதான்
முதல் கண் தட்டுப்பட்டது.

குளிர் வேண்டுமாம் இந்தச் செடிக்கு.
கண்ணில் குளிர் ஏற வேண்டுமாம்.
ஏறாவிட்டால் செத்துவிடாது.
பூக்காது, அவ்வளவுதான்.
அப்படியே ஐம்பது வருஷம் பச்சையாய் நிற்கும்,
பார்க்கிறவர்கள் நன்றாயிருக்கிறது என்பார்கள்.

செப்டம்பர் வரை பொறுத்து, தூக்கி நட்டேன்.
கிளைகளை எருக்குவியலில் எறிந்தேன்.
அந்தக் குளிர்காலம் இரண்டு தரம்
நடுராத்திரியில் எழுந்து ஜன்னலருகே போனேன்.
பனிக்கு மேலே, யாரும் மிதித்துவிடக் கூடாதென்று
நான் ஊன்றிய குச்சி மட்டும்.

ஐந்தாம் ஜூன்.
கோலிக்குண்டு அளவில் ஒரே ஒரு மொட்டு.
நடுக்கோடை இரவுக்கு இன்னும் ஒன்பது நாள்.
எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன
தேன்பிசுக்கை நக்கியபடி.
படம் எடுத்து இங்கூனாவுக்கு அனுப்பினேன்.
கை ஆடிவிட்டது, எறும்புதான் தெளிவாய் விழுந்தது.

மறுநாள் மாலை பதில் வந்தது:
"எனக்குப் போன வருஷமே பத்தொன்பது."
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று:
"எத்தனை விரல் போட்டாய்?"

இரண்டு என்று எழுதினேன்.
அழித்தேன்.
நாலு என்று எழுதி அனுப்பிவிட்டு,
மேற்கே கருக்கத் தொடங்கியிருந்ததால்
கொம்பும் சணலும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.
மழைத்தண்ணீர் ஏறினால் இந்தப் பூ
தலை தொங்கிவிடும்.