பெட்டி இருந்த இடம்

களியலுக்கு மேலே, ரப்பர் தளிர் விடும் மாசி.
பூவில் அல்ல, இலைக்காம்பில்தான் ஊறுகிறது தேன்.
பதினேழாம் பெட்டியில் எறும்பு ஏறிவிட்டதென்று
நேற்று இரவு நானும் ஜஸ்டஸும்
வாசலைத் துணியால் அடைத்துத் தூக்கி
பத்தடி தள்ளிக் கீழ்த்தட்டில் வைத்தோம்.

தவறு என்று தெரியும்.
‘மாத்தினா ஒரு முழம் மாத்து,
இல்லேன்னா ஆறு கடந்து கொண்டுபோ.’
சோம்பல். மணியும் பத்தாகியிருந்தது.

விடிந்தால்
பழைய இடத்தில் நாலு செங்கல்.
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்கு முன்னால்
இருநூறு முந்நூறு தேனீக்கள்
காலில் மகரந்தத்தோடு
இறங்க இடமின்றி நிற்கின்றன,
வாசல் இருந்த அதே உயரத்தில்.
அளவுநாடா பிடித்தால்
ஒரு விரல் பிசகாது.

வெட்டுக்கத்தியைத் துடைத்தபடி ஜஸ்டஸ் சொல்கிறான்:
‘அதுக்கு என்ன மண்ணு தெரியும் றோஸ்லெட்டே,
சாவி குடுத்த கடிகாரம்லா.’
கடிகாரம் இப்படித் தேடுமா?
தேடுகிறது என்று யார் சொன்னது?
நான்தான்.
சுற்றுகிறது என்றால் குறைகிறது,
தவிக்கிறது என்றால் கூடிப்போகிறது.
நடுவில் ஒரு சொல் வேண்டும்.
தமிழில் இல்லையா, என்னிடம் இல்லையா?

எள்ளளவு தலை.
அதற்குள் இந்தச் சரிவு, ஓடை,
வெயில் சாயும் கோணம், பாதிரியார் தோட்டத்துப் புளி.
இத்தனையையும் வைத்திருப்பது யார்?
யாருமே இல்லாமல்
இத்தனையும் இருக்கக் கூடுமோ,
ஆளில்லாக் கடையில்
திறந்து கிடக்கும் கணக்கு நோட்டுபோல?

போன மாதம்
அடுக்களை சுவிட்சை இடப்பக்கம் மாற்றினோம்.
இன்றும் இருட்டில் என் கை
வலச்சுவரில் ஏறுகிறது,
பூசி அடைத்த சதுரத்தைத் தடவுகிறது.
அந்தக் கை ஏறும்போது
உள்ளே நான் இருந்தேனா?
சத்தியமாக இல்லை.
வெறுஞ்சுவர் விரலில் பட்ட பிறகுதான்
வந்தேன், எங்கிருந்தோ,
‘அட’ என்றபடி.

அப்படியானால்
செங்கல்லுக்கு மேலே அந்தக் காற்றில்
இப்போது என்ன வந்துகொண்டிருக்கிறது?

ஒன்று என் கைமுட்டியில் இறங்கியது.
கொட்டவில்லை.
நடந்தது, நின்றது, மீசையைத் துடைத்தது.
அதன் பக்கத்திலிருந்து நான்
சுவரா, வாசலா, தெரியாது.

‘பிடி அந்தப் பக்கம்’ என்றேன்.
‘பகல்லயா? உனக்குக் கிறுக்கா?’
ஆனாலும் பிடித்தான்.
பெட்டி பழைய செங்கல்லில் அமர்வதற்குள்
மூன்று இடத்தில் வீங்கிவிட்டது அவனுக்கு.
அவை கூட்டமாக உள்ளே போயின,
நன்றியோ நிம்மதியோ,
நான் வைக்கும் எந்தப் பெயரும் இல்லாமல்.

நாலு செங்கல்லுக்கும் நாலு சிரட்டை வைத்துத்
தண்ணீர் ஊற்றி வந்தேன், எறும்பு ஏறாதிருக்க.

எறும்புக்கும் தலை உண்டு.
அதை நான் இன்று யோசிக்கவில்லை.