வெள்ளிக்கிழமை மிகை

விடியற்காலை ஐந்தே கால்.
உம்பிலோ சாலையில் ஹடீடாப் பறவைகள் கத்தத் தொடங்குமுன்
ஸ்போனெலோ வந்துவிடுவான்,
ஐஸ் பெட்டியில் ஆறு மூச்சுக்குழாய்களோடு.
கசாப்புக்கூடத்துச் சீட்டில்
"பன்றி. உணவுக்கு அல்ல" என்றிருக்கும்.
கையெழுத்துப் போடுவேன்.

குருத்தெலும்பிலிருந்து உள்தோலைப் பிரிக்க
கத்தி மட்டும் போதாது.
பாலாடையைக் கிழியாமல் எடுக்கிற விரல் வேண்டும்.
நாணயமளவு வட்டம்.
இரண்டு கண்ணாடி அறைகளுக்கு நடுவே
அதைக் கதவுபோல் வைத்துத் திருகுவேன்:
இந்தப் பக்கம் காற்று இருந்த பக்கம்,
அந்தப் பக்கம் இரத்தம் இருந்த பக்கம்.
முப்பத்தேழு டிகிரியில் உப்புநீர்.
மீன்தொட்டிப் பம்ப் ஒன்று
அறைக்காற்றைக் குமிழ்குமிழாய் ஊதும்.
செத்துவிட்டதென்று யாரும் சொல்லாதவரை
அது தன் வேலையைச் செய்யும்.

அரைமணிக்கொருமுறை காற்றுப் பக்கத்து நீரை உறிஞ்சி
தொண்ணூற்றாறு குழித் தட்டில் விடுவேன்.
கருவி மஞ்சளின் அடர்த்தியைப் படித்துச் சொல்லும்,
மைக்ரோகிராமில் இத்தனை என்று.
முகச்சுளிப்புக்கு
அந்த அட்டவணையில் பத்தி கிடையாது.

என் மொழியில் இதற்குக் கோழை என்று பெயர்,
பயந்தவனுக்கும் அதே பெயர்தான் என்றேன்
கெவாஷ்னி மூட்லியிடம்.
அவளுக்குத் தெரிந்த தமிழ் நாலு வார்த்தை; மூன்று, சாப்பாடு.
"தூசி வந்தால் முதலில் போய் நிற்பதே இதுதானே,
பெயர் வைத்தவனுக்குச் சளியே பிடித்ததில்லையா?"

ஜூன் முழுக்க மூன்றாம் அறையைச் சும்மா விட்டிருந்தோம்.
மருந்தில்லை, தூண்டலில்லை,
ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெறும் திசு.
திங்கள் பதினொன்று.
செவ்வாய் பன்னிரண்டு.
புதன் மின்வெட்டு, ஜெனரேட்டர் செருமிக்கொண்டு எழுந்தது,
அன்றும் பதினொன்று.
வெள்ளி முப்பத்தொன்று.

அடுத்த வெள்ளி இருபத்தொன்பது.
பிழை என் கையில்தான்.
பிபெட்டைச் சரிபார்த்தேன், தட்டை மாற்றினேன்,
உப்புநீரைப் புதிதாய்க் கலந்தேன்,
எந்தப் பண்ணைப் பன்றி என்று ஸ்போனெலோவைக் குடைந்தேன்.
"பன்றிக்குக் கிழமை தெரியாது" என்றான்.

நான்காம் வெள்ளி
கதவுக்கு வெளியே வாளி உருண்டது,
பின்னாலேயே இருமல்.
நொம்புயிசெலோ.
வாரத்தில் ஒருநாள் நடைபாதைக்குக் கடும் கழுவல்:
ப்ளீச், அதோடு
ஊதா டப்பாவில் வரும் இன்னொன்று.
கதவடியில் ஒரு விரல் இடைவெளி.
அதன்வழி வந்ததை நான் முகர்ந்தேன், மறந்தேன்.
நாணயமளவுத் தோல் மறக்கவில்லை.
தன்னிடம் இருந்ததையெல்லாம்
வாசலில் கொட்டியிருந்தது.

எத்தனை வருஷம் என்று கேட்டேன்.
"பதினாலு."
வேலையா இருமலா என்று
கேட்டிருக்கலாம்.

கூட்டத்தில் முடிவானது:
வெள்ளிக்கிழமை எண்கள் இரைச்சல்.
நீக்கலாம், அடிக்குறிப்பில் ஒரு வரி போதும்.
கழுவல் சனிக்கிழமைக்கு மாறியது.
மூன்றாம் அறை அடங்கியது,
பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று.
வரைபடம் அழகாக வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்,
நானும் சொன்னேன்.
நீக்கியவை என் நோட்டில் பென்சிலில் இருக்கின்றன.
அலகு எழுதவில்லை.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை.
ஆனாலும் ஒருமுறை போனேன், குடையை மறந்தேன் என்று.
துறைமுகம் தெரியும் ஜன்னலோரம் நின்று
அவள் கைக்குட்டையில் துப்பினாள்,
பார்த்தாள்,
நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.
கருவி அணைந்திருந்தது.
கதவடியில் நான் திணித்த பழைய துண்டு
அப்படியே இருந்தது,
உள்பக்கமாக.