சிலுவாடு

பங்குனி பிறந்த மூணாம் நாள்
தகரக் கூரையை நாலு தட்டுத் தட்டிவிட்டுப்
போனதே ஒரு மழை,
அதற்கு இன்றோடு பன்னிரண்டு நாள்.
எண்ணி வைத்திருந்தேன்.
சாரணை படர அது போதும்.

கம்பெனியில் ஆர்டர் இல்லை.
செக்கிங் டேபிளில் அரை ஷிப்ட்,
அரைச் சம்பளம்.
வாடகை மட்டும் முழுசு.

ஞாயிற்றுக்கிழமை
டிக்கெட் கேட்காத பஸ்ஸேறிப்
பொங்கலூர் தாண்டி இறங்கினோம்,
நானும் பக்கத்து ரூம் மாமினியும்.
ஒடிசாக்காரி. ஓவர்லாக் டெய்லர்.
அவள் பாஷை எனக்குத் தெரியாது.
என் பாஷையில் அவளுக்கு
பீஸ், டேமேஜ், சீக்கிரம் வாக்கா,
இவ்வளவு தெரியும்.

கொறங்காட்டு ஓரத்துக் கிளுவை வேலி
இப்போதுதான் துளிர்க்கிறது.
கோவைக்கொடி அதன்மேல்
யாரையும் கேட்காமல் ஏறியிருந்தது.
நான் பிரண்டையில் கை வைத்ததும்
உள்ளேயிருந்து குரல்:
"ஆரது, வேலிக்கிட்ட?"
"கீரை பொறுக்கறமுங்க."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"வேலியப் பிரிச்சுப் போடாதீங்க,
செம்மறி வெளிய வந்துரும்."
அவ்வளவுதான். முகம் தெரியவே இல்லை.

மாமினி வாய்க்கால் மேட்டில்
உட்கார்ந்தேவிட்டாள்.
தரையோடு ஒட்டிக் கிடந்த செந்தண்டை
நகத்தால் கிள்ளி
"புருணி" என்றாள்.
"சாரணை" என்றேன்.
"புருணி, புருணி!"
ஒரே செடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு
சந்தையில் ஏலம் விடுகிற மாதிரிக் கத்தினோம்.
பிறகு
அவள் பையில் புருணியும்
என் பையில் சாரணையும் நிறைந்தன.

புளியங்கொழுந்து ஒரு கை.
பண்ணைக்கீரை பாதி முற்றல்.
வேப்பம்பூவுக்குத் துண்டு விரித்துவிட்டுப் போய்த்
திரும்பி வந்து பார்த்தால்
பூவைவிட எறும்பு அதிகம்.
உதறிவிட்டு வந்தோம்.
ஒரே நாளில் எல்லாமா கிடைக்கும்?

சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன், கனம் குறைச்சல்.
அதனால் ஒரே அடுப்பு, என்னுடையது.
முதலில் நான்:
ரேஷன் பருப்பு, சீரகம், பூண்டு,
சின்ன வெங்காயம் ஆறு.
மண்சட்டியைக் காலிடுக்கில் வைத்து
மத்தால் கடைந்தெடுத்தேன்.
அடுத்து அவள்:
கடுகெண்ணெய் புகைந்து
லைன் வீடு மொத்தமும் தும்மியது.
ஊரிலிருந்து வந்த டப்பாவைத் திறந்து
உளுந்து வடகத்தை
எண்ணி நாலு போட்டாள்.
ஐந்தாவதை எடுத்து, பார்த்து,
திரும்ப உள்ளே வைத்தாள்.
அந்த இடத்தில்தான் எனக்கு
அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

எங்கள் போர்த் தண்ணி உப்பு.
சில காலையில் நிறமும் இருக்கும்,
எந்த தேசத்துப் பனியனுக்கு
முக்கிய சாயமோ.
செடிக்கு அதை விடமாட்டேன்.
அரிசி களைந்தது, கீரை கழுவியது,
ஏழு பெயிண்ட் டப்பாவுக்கு அது காணும்.
நசுங்கின தக்காளியின் விதை,
கடைக்காரர் சும்மா கொடுத்த பூசணிக் குடல்,
கிள்ளி எறிந்த புதினாக் காம்பு,
கொடி கட்ட மஞ்சள் கட்டிங் வேஸ்ட்,
எதற்கும் பைசா கொடுத்ததில்லை.
பாகல் விதை மட்டும்
பாக்கெட் பதினைந்து ரூபாய்க்கு வாங்கினேன்.
அது ஒன்றுதான் முளைக்கவில்லை.

சாயங்காலம் நோட்டில் எழுதினேன்:
காய்ச் செலவு இல்லை. மிச்சம் நாற்பது.
சிலுவாட்டு டப்பாவில் போட்டுவிட்டு
வாசலுக்கு வந்தால்,
பாகல் முளைக்காத டப்பாவில்
வேரோடு ஒரு செந்தண்டு.
மாமினி மண்ணைத் தட்டி
விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அது களை, என்று சொல்ல வாயெடுத்தேன்.
காட்டில் சும்மா கிடக்கிறதுக்கு
ஒரு டப்பாவா, என்று.
களைந்த தண்ணி
சொம்பில் இன்னும் ஒரு டம்ளர் இருந்தது.