ஒன்றாம் சேனல்

பிஷ்கெக்கின் தெற்கு ஓரத்தில்
ஒரே கூரையின் கீழ் இரண்டு விருந்து மண்டபங்கள்.
நடுச்சுவர் வெறும் ஜிப்சம் பலகை.
இந்தப் பக்கம் கல்யாணம்.
அந்தப் பக்கம் என்னவென்று நான் விசாரிக்கவில்லை.
ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன மணப்பெண் அய்பீகே
ஐந்தே காலுக்கே வந்து நின்றாள்.

இரண்டு ஃப்ளாஷ். ஒன்று கேக்குக்குப் பின்னால்,
வெள்ளைக் குடைக்குள் முகம் புதைத்து.
இன்னொன்று இசைக்காரர்களின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்,
ஸ்டாண்டு சாயாமலிருக்க
ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டு.
கேமராவின் தலையில் தீப்பெட்டியளவு ட்ரிகர்.
கம்பி கிடையாது. நான் விரலை அழுத்தினால்
முப்பது அடிக்கு அப்பால் வெளிச்சம் தும்மும்.
பதினோரு வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை.
கூப்பிட்டதும் ஓடிவரும் ஜீவன்
என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

மூன்றாவது முறை கோப்பைகள் உயர்ந்தபோது
இரண்டும் தாமாக வெட்டின.
நான் அழுத்தவில்லை,
லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
ட்ரிகரின் பேட்டரியைத் திட்டினேன். மாற்றினேன்.
மறுபடி.
பிறகு அடுக்கடுக்காக நான்கு.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை,
யாரோ யாரையோ வரிசையில் நிறுத்தி,
குள்ளமானவர்களை முன்னால் இழுத்து,
ஒருவரின் தொப்பியைச் சரிசெய்வது போல.
பிறகு இரண்டு.

எனக்குத் தெரியும் அந்தத் தாளம்.
பழுதான கருவிக்கு அப்படி வராது.
வேலை செய்கிற ஆளுக்குத்தான் வரும்.

உதவிக்கு வந்திருந்த சித்தி மகன் தாலாய்
"பேய்" என்றான், வாய் நிறைய போர்சோக்கோடு.
பேய்தான். ஒன்றாம் சேனலில் இருக்கிற பேய்.
பெட்டியைப் பிரித்தபடியே எல்லோரும் விட்டுவைக்கும் சேனல்.

நடைவழியில் போய் எட்டிப் பார்த்தேன்.
அங்கே இசையில்லை.
மேஜைகளில் குதிரை இறைச்சி ஆறிக்கொண்டிருந்தது.
சுவரில் பெரிதாக்கிய ஒரு ஆணின் படம்,
பக்கத்தில் நின்றவரைப் பாதியில் வெட்டிவிட்டு.
ஒரு வருட நினைவு விருந்து.
படத்தின் முன் குடும்பம் குடும்பமாக நிறுத்தி
சாம்பல் நிறச் சட்டைக்காரர் எடுத்துக்கொண்டிருந்தார்.
அவர் ட்ரிகரும் என்னுடையதும் ஒரே கடைச் சரக்கு.
அவர் அழுத்தினார்.
அங்கே ஒரு விதவையின் மேல் வெளிச்சம் விழுந்தது.
என் முதுகுக்குப் பின்னால் கல்யாணக் கேக் பளிச்சென்றது.

அப்படியானால்
(மெதுவாகத்தான் உறைத்தது)
இவ்வளவு நேரம் நான் அழுத்தியதெல்லாம்
இங்கேயும் வெட்டியிருக்கும்.
மோதிரத்துக்கு ஐந்து.
மாப்பிள்ளையின் மாமன் கால் தடுக்கியதற்கு மூன்று.
"கசக்குது! கசக்குது!" என்று கூட்டம் கத்திக் கத்தி
வாங்கிக்கொண்ட முத்தத்துக்கு மட்டும் பதினேழு.
பதினேழு முறை அந்த அம்மாள் கண்கூசியிருப்பாள்.

அவர் என்னைப் பார்த்தார்.
என் கழுத்தில் தொங்குவதைப் பார்த்தார்.
ஏழு விரல் காட்டினார்.
தான் போகிறாரா, என்னைப் போகச் சொல்கிறாரா?
தலையாட்டிவிட்டு வந்தேன்.
பத்து நிமிடத்தில் கேக் மறுபடி தானாக மின்னியது:
இருவருமே ஏழுக்குக் குடிபோயிருக்கிறோம்.
நான் பன்னிரண்டுக்கு ஓடினேன்.

இரவு இரண்டரை. கணினி முன்.
நானூற்றுச் சொச்சத்தில் ஒரே ஒரு படம்.
சரவிளக்கும் விழட்டுமென்று
ஷட்டரை அரை வினாடி திறந்துவைத்த நடனம்.
அந்த அரை வினாடிக்குள் இரண்டு வெட்டு.
முதலாவது என்னுடையது: அய்பீகே சிரிக்கிறாள்.
இரண்டாவது அவருடையது:
அதே தோளிலிருந்து மங்கலாக இன்னொரு அய்பீகே கிளம்புகிறாள்,
சிரிப்பை எங்கோ வைத்துவிட்டு,
கதவைப் பார்க்கிறாள்.

அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தேன்.
எடுத்தேன்.
ஆல்பத்திலும் சேர்க்கவில்லை.
பாதிதான் என் படம்.

அவரிடமும் ஒன்று இருக்கலாம்,
யாரும் தம்மை எடுக்கவில்லை என்றிருந்த நேரத்தில்
என் முத்தக்காரர்களின் வெளிச்சத்தில் அகப்பட்ட ஒரு முகம்.
கேட்டுப்பார்க்க நான் எண் வாங்கவில்லை.

பேட்டரிகளைச் சார்ஜில் போட்டேன்.
காலை ஒன்பதுக்கு ஒரு பல் மருத்துவமனை,
காலி நாற்காலிகளை எடுக்க வேண்டும்.